இனிப்பைக் கொடுத்துப் பார்க்காதீர்கள்: பரம்பரை ஃபிரக்டோஸ் ஏற்பின்மைக்கு எந்தச் சோதனை பாதுகாப்பானது?

"பழம் சாப்பிட்டா ஒத்துக்கல" என்று இரண்டு பேர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் நாற்பது வயதுக்காரர். பண்ருட்டிப் பலாச்சுளை நாலைந்து உள்ளே போனால் அவருக்கு வயிறு உப்பும், இரண்டு தடவை வயிற்றால் போகும், மறுநாள் சரியாகிவிடும். இன்னொருவர் ஆறு மாதக் குழந்தையின் தாய். வாழைப்பழத்தை மசித்து ஊட்டத் தொடங்கியதிலிருந்து பிள்ளை வாந்தி எடுக்கிறது, வெளிறிப்போய் வேர்க்கிறது, சில நேரம் எழுப்பினால்கூடக் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிறது. இரண்டு பேருக்கும் அக்கம்பக்கத்தில் ஒரே யோசனைதான் கிடைக்கிறது: "ஃபிரக்டோஸ் சேரல போல, மூச்சு டெஸ்ட் எடுத்துப் பாருங்க."

முதல் ஆளுக்கு அந்தச் சோதனையால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. அந்தக் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த வித்தியாசம் நம் ஊரில் போதிய அளவு பேசப்படவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் குழந்தைக்கு இருக்கக்கூடிய பரம்பரை ஃபிரக்டோஸ் ஏற்பின்மை அரிய நோய்தான். ஐரோப்பியக் கணக்குகளின்படி சுமார் 20,000 முதல் 30,000 பிறப்புகளுக்கு ஒருவர். ஆனால் தவறான சோதனையால் வரும் கெடுதல் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. அரிய நோய் என்று இதைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஃபிரக்டோஸ் எங்கெல்லாம் இருக்கிறது?

ஃபிரக்டோஸ் என்பது ஒரு எளிய சர்க்கரை. பழங்களிலும் தேனிலும் நிறைய இருப்பதால் பழச்சர்க்கரை என்றும் சொல்வார்கள். ஆனால் பழத்தோடு அது நிற்பதில்லை. நெல்லிக்குப்பம் ஆலையில் கரும்பிலிருந்து எடுக்கிறார்களே, அந்த வெள்ளைச் சர்க்கரையின் பெயர் சுக்ரோஸ். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குடலில் இரண்டாகப் பிரிந்துதான் உடம்புக்குள் போகும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கற்கண்டு, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். "வெள்ளைச் சக்கரைதான் கெடுதல், வெல்லம் நல்லது" என்ற பேச்சுக்கு இந்த நோயில் இடமே கிடையாது.

இன்னொரு பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சார்பிட்டால். இது இனிப்புச் சுவைக்காக மருந்துத் திரவங்களிலும், சர்க்கரை இல்லாத மிட்டாய்களிலும், பற்பசையிலும் சேர்க்கப்படும் பொருள். உடம்புக்குள் போனதும் இது ஃபிரக்டோஸாக மாறிவிடும்.

ஃபிரக்டோஸ் இல்லாதவை எவை? தாய்ப்பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையில் குளுக்கோஸும் காலக்டோஸும் மட்டுமே உண்டு. அரிசியின் மாவுச்சத்து செரித்தால் குளுக்கோஸ்தான் வரும். தாய்ப்பாலைப் பற்றிய இந்தத் தகவல் பின்னால் முக்கியமாகப் பயன்படும்.

ஒரே பேச்சில் கலந்துபோன மூன்று பிரச்சினைகள்

பழமோ இனிப்போ சேராமல் போவதற்கு அடிப்படையில் மூன்று வேறு வேறு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, ஒவ்வாமை. உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு ஒரு பழத்தில் உள்ள புரதத்தை எதிரியாக நினைத்துக் கிளம்புவது. அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம் வரும். இதற்கும் ஃபிரக்டோஸுக்கும் சம்பந்தம் இல்லை. அதனால் தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையால் நாம் பேசும் நோயைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இரண்டாவது, ஃபிரக்டோஸ் உறிஞ்சல் குறைவு. சிறுகுடல் ஃபிரக்டோஸை முழுதாக உள்ளே இழுத்துக்கொள்வதில்லை. மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன, வாயு உண்டாகிறது. அசௌகரியம்தான், ஆனால் குடலோடு முடிந்துவிடும். ரத்தச் சர்க்கரை சரியாது, கல்லீரலுக்கு ஒன்றும் ஆகாது. பலாப்பழம் சாப்பிட்ட நம் நாற்பது வயதுக்காரர் அநேகமாக இந்த வகை.

மூன்றாவதுதான் பரம்பரை ஃபிரக்டோஸ் ஏற்பின்மை. மருத்துவர்கள் சுருக்கமாக ஹெச்.எஃப்.ஐ. என்பார்கள். இங்கே குடல் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, ஃபிரக்டோஸ் நன்றாகவே உள்ளே போய்விடுகிறது. சிக்கல் அதற்கப்புறம், கல்லீரலிலும் சிறுநீரகத்திலும். பிறவியிலேயே வருவது, வாழ்நாள் முழுக்க இருப்பது.

சுருக்கமாகச் சொன்னால்: உறிஞ்சல் குறைவில் ஃபிரக்டோஸ் உள்ளே வராததால் தொல்லை, ஹெச்.எஃப்.ஐ.யில் உள்ளே வந்துவிடுவதால் ஆபத்து.

கல்லீரலில் என்னதான் நடக்கிறது?

கரும்பு அரவை சமயத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். வயலில் வெட்டிய கரும்பை டிரெய்லரில் ஏற்றி, டிராக்டரில் மாட்டி, ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஆலை கரும்பை வாங்கி அரைத்தால் டிராக்டர் விடுபட்டுத் திரும்பிப் போகும், அடுத்த வேலையைப் பார்க்கும். ஆலையின் அரவை இயந்திரம் பழுதாகிவிட்டது, ஆனால் வயலில் வெட்டு நிற்கவில்லை என்று நினைத்துப் பாருங்கள். வந்த கரும்பெல்லாம் முற்றத்தில் தேங்கும். கரும்பைவிடப் பெரிய நஷ்டம், ஊரிலுள்ள டிராக்டர் அத்தனையும் சுமையோடு அங்கேயே மாட்டிக்கொள்வது. உழவுக்கு ஆள் தேடினாலும், உர மூட்டை ஏற்றத் தேடினாலும் ஒரு டிராக்டர் கிடைக்காது.

கல்லீரல் செல்லுக்குள் ஃபிரக்டோஸ் நுழைந்ததும் அதனுடன் பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு ஒன்று மாட்டப்படுகிறது. நம் டிராக்டர் அதுதான். இப்படி உண்டாகும் பொருளுக்கு ஃபிரக்டோஸ்-1-பாஸ்பேட் என்று பெயர். இந்த மாட்டும் வேலை மிக வேகமாக நடக்கும், அதற்குத் தடுப்பு எதுவும் இல்லை. அடுத்து ஆல்டோலேஸ் பி என்ற நொதி அதை வெட்டிப் பிரிக்க வேண்டும். நொதி என்பது உடம்பில் ஒரு வேதிமாற்றத்தை நடத்திவைக்கும் புரதம். ஹெச்.எஃப்.ஐ. உள்ளவர்களுக்குப் பழுதாகியிருப்பது இந்த நொதிதான், அதாவது அரவை இயந்திரம்.

ஃபிரக்டோஸ்-1-பாஸ்பேட் தேங்குகிறது. பாஸ்பேட் எல்லாம் அதில் மாட்டிக்கொள்கிறது. செல்லின் அன்றாடச் சக்திச் செலவுக்கான மூலக்கூறு ஏ.டி.பி. எனப்படும், அதைத் திரும்பத் திரும்ப உண்டாக்கப் பாஸ்பேட் வேண்டும். அது கிடைக்காமல் செல் சக்தியிழக்கிறது. தேங்கிய பொருள் இன்னொரு கெடுதலும் செய்கிறது: கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை ரத்தத்துக்கு விடுவதையும், புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதையும் தடுத்துவிடுகிறது. அதனால்தான் இனிப்புச் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குப் பதிலாகச் சரிகிறது. கேட்கும்போது முரணாகத் தோன்றும் இந்த விஷயம்தான் நோயின் மையம். வியர்வை, நடுக்கம், மயக்கம், வலிப்பு எல்லாம் அந்தச் சரிவிலிருந்து வருபவை. இது நாள்கணக்கில் தொடர்ந்தால் கல்லீரல் வீங்கும், மஞ்சள் காமாலை வரும், ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகமும் கெடும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

தாய்ப்பால் மட்டும் குடிக்கும்வரை இந்தக் குழந்தைகள் நன்றாகவே இருப்பார்கள். பாலே சேராத காலக்டோசீமியா என்ற இன்னொரு பிறவி நோயில் பிறந்த சில நாட்களிலேயே தொல்லை தொடங்கிவிடும். ஹெச்.எஃப்.ஐ.யில் இனிப்பு உள்ளே வந்த நாளிலிருந்துதான் கதை ஆரம்பம். பிறந்ததும் சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டு வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் அந்த நாள் முதல் நாளாகவே இருக்கலாம். (ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது, தேனில் கிருமி விதைகள் இருக்கலாம்.) மற்ற வீடுகளில் கிரைப் வாட்டர், இருமல் மருந்து, ஆறு மாதத்தில் ஊட்டும் பழக்கூழ், சர்க்கரை சேர்த்த கஞ்சி.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது "வாந்தி எடுக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். தாய்ப்பால் தவிர வேறு என்ன, எந்தத் தேதியிலிருந்து கொடுத்தீர்கள், வாந்தி எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பல நேரம் நோயைக் காட்டிக்கொடுப்பது அந்தத் தாள்தான்.

தப்பிப் பிழைத்து வளர்ந்த பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பாதுகாப்பைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். இனிப்பைத் தொட மாட்டார்கள். பிறந்தநாள் கேக், பொங்கல், பாயசம், பழம் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். பல்லில் சொத்தையே இருக்காது. வீட்டில் பெரியவர்கள் இதைப் பிடிவாதம் என்று நினைத்து, "ஒரு வாய்தான், கண்ணை மூடிட்டு முழுங்கு" என்று ஊட்டிவிடுவார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனாலும் இனிப்பைக் கண்டாலே விலகும் குழந்தையை, சாப்பிட்டபின் வெளிறிப்போகும் குழந்தையை, தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். அந்த உடம்பு தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் ஏன் கூடாது?

இந்த நோய் மருத்துவ இதழில் முதன்முதலில் பதிவானது 1956-ல். சாதாரணச் சர்க்கரையும் ஃபிரக்டோஸும் சேராத, ஆனால் குளுக்கோஸ் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தக் காலத்தில் இதை உறுதி செய்யக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வழி குறைவு. ரத்தக்குழாய் வழியாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஃபிரக்டோஸ் ஏற்றி, குளுக்கோஸும் பாஸ்பேட்டும் எப்படி இறங்குகின்றன என்று நிமிடக்கணக்கில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் முறை பிறகு வந்தது. பழுதான ஆலைக்கு இன்னும் ஐம்பது டிரெய்லர் கரும்பை அனுப்பி, தேங்குகிறதா என்று பார்ப்பதற்குச் சமம் அது. இன்றைக்கு நல்ல மாற்று வழி இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை. நோய் இருப்பது தெரியாமல் ஃபிரக்டோஸோ சார்பிட்டாலோ ஊசி வழியாக ஏற்றப்பட்டு நோயாளிகள் இறந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. வாய்வழியாகக் கொடுத்துப் பார்ப்பதும் பாதுகாப்பானது அல்ல.

இன்று நம் பக்கம் அதிகம் காதில் விழுவது மூச்சுச் சோதனை. அதன் வழிமுறை இதுதான்: வெறும் வயிற்றில் ஃபிரக்டோஸ் கரைசல் குடிக்க வேண்டும், பெரியவர்களுக்குப் பொதுவாக 25 கிராம். பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு கருவியில் மூச்சை ஊத வேண்டும். உறிஞ்சப்படாத ஃபிரக்டோஸைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி ரத்தம் வழியே நுரையீரலுக்கு வந்து மூச்சில் தெரியும். உறிஞ்சல் குறைவைக் கண்டுபிடிக்க இது பொருத்தமான சோதனை.

ஹெச்.எஃப்.ஐ. உள்ளவருக்கு இதே சோதனையைச் செய்தால் என்ன ஆகும்? முதலில், 25 கிராம் ஃபிரக்டோஸ் என்பது பத்துப் பன்னிரண்டு டீஸ்பூன் சர்க்கரைக்குள் இருக்கும் ஃபிரக்டோஸ். நாள் முழுக்கச் சேர்த்தும் ஓரிரு கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒருவர் அதை ஒரே மூச்சில், அதுவும் வெறும் வயிற்றில் குடிக்கிறார். இரண்டாவது, எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது: அவருடைய குடல் ஃபிரக்டோஸை நன்றாக உறிஞ்சிவிடுவதால் மூச்சில் ஹைட்ரஜன் ஏறாமலே போகலாம். அறிக்கையில் 'இயல்பு' என்று வரும். மயக்கம் வந்ததைப் பட்டினியால் வந்தது என்று நினைத்துவிடுவார்கள். உயிரைப் பணயம் வைத்துச் செய்த சோதனை, கடைசியில் நோயே இல்லை என்று தவறாகச் சொல்லிவிடுகிறது.

ஆகவே வயிற்றுக் கோளாறுக்காக யாராவது ஃபிரக்டோஸ் மூச்சுச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தால், கரைசலைக் குடிக்கும் முன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். சின்ன வயதிலிருந்தே இனிப்பும் பழமும் பிடிக்காதா? சாப்பிட்டால் வாந்தியோ வியர்வையோ நடுக்கமோ வந்ததுண்டா? காரணம் தெரியாத கல்லீரல் வீக்கம் இருக்கிறதா? உடன்பிறந்தவர்களில் யாராவது கைக்குழந்தையாக இருக்கும்போது காரணம் தெரியாமல் இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அந்தச் சோதனையை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். சிறு குழந்தைகளுக்கு ஹெச்.எஃப்.ஐ. இல்லை என்று தெளிவாகும்வரை அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

வீட்டில் "ஒரு ஸ்பூன் தேன் கொடுத்துப் பார்ப்போமே" என்பதும் இதே தவறுதான், அதுவும் பக்கத்தில் மருத்துவர்கூட இல்லாமல்.

முதல் படி: நிறுத்திவிட்டுப் பார்ப்பது

சந்தேகம் வந்த அந்த நிமிடமே மருத்துவர் செய்யச் சொல்வது, ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், சார்பிட்டால் மூன்றையும் முழுதாக நிறுத்துவது. சோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வாந்தியும் சோர்வும் சீக்கிரமே, பெரும்பாலும் ஓரிரு நாட்களிலேயே, குறையத் தொடங்கினால் சந்தேகம் வலுக்கிறது. கல்லீரல் பழைய நிலைக்கு வர இன்னும் நாளாகும். இது சிகிச்சை, துப்பு இரண்டும் ஒருசேர. தாய்ப்பாலை மட்டும் நிறுத்தாதீர்கள்.

குழந்தை உடம்பு சரியில்லாமல் வந்து சேர்ந்த நேரத்தில் எடுக்கும் ரத்தமும் சிறுநீரும் நிறையச் சொல்லும். ரத்தத்தில் குளுக்கோஸும் பாஸ்பேட்டும் குறைந்திருப்பது, யூரிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் கூடியிருப்பது, கல்லீரல் சோதனை மாறியிருப்பது எல்லாம் ஒரே திசையைக் காட்டும்.

சிறுநீர்ச் சோதனையில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இப்போது ஆய்வகங்களில் பெரும்பாலும் காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள். அந்தப் பட்டையின் நொதிக்குக் குளுக்கோஸ் மட்டும்தான் தெரியும். ஃபிரக்டோஸ் இருந்தாலும் நிறம் மாறாது. பள்ளி ஆய்வகத்தில் செய்தோமே, பெனடிக்ட் சோதனை, அது வேறு. நீல நிறக் கரைசல் ஐந்து மில்லியில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்கினால், ஃபிரக்டோஸ் இருக்கும் அளவைப் பொறுத்துப் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் அடியில் படியும். பட்டையில் ஒன்றுமில்லை, சோதனைக் குழாயில் செங்கல் நிறம் என்றால், சிறுநீரில் குளுக்கோஸ் அல்லாத வேறு சர்க்கரை இருக்கிறது என்று பொருள். அது ஃபிரக்டோஸாகவும் இருக்கலாம், காலக்டோஸாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். செலவில்லாத நல்ல துப்பு, ஆனால் துப்பு மட்டுமே. இனிப்பை நிறுத்திய பிறகு இது இயல்பாகிவிடும். அதற்காக மறுபடி இனிப்புக் கொடுத்துச் சிறுநீர் பிடிக்கக் கூடாது.

பிறந்ததும் குதிகாலில் குத்தி ரத்தச் சொட்டு எடுத்துச் செய்யும் சோதனையில் இந்த நோய் பிடிபடாது. "அதெல்லாம் எடுத்தாச்சு, நார்மல்னு வந்துச்சு" என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

இதுவரை பார்த்ததில்: நிறுத்துவது எப்போதும் பாதுகாப்பானது; ரத்தமும் சிறுநீரும் சந்தேகத்தை வலுப்படுத்தும்; உறுதி செய்ய வேறு சோதனை வேண்டும்.

உறுதி செய்யும் சோதனை: மரபணுவைப் படிப்பது

மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிக் கட்டுவது என்று உடம்பு வைத்திருக்கும் எழுத்துக் குறிப்பு. ஆல்டோலேஸ் பி நொதிக்கான குறிப்பு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவின் பெயர் ஏ.எல்.டி.ஓ.பி. அதில் இருக்கும் எழுத்துப் பிழையை நேராகப் படித்துவிட்டால் ஒரு சொட்டு ஃபிரக்டோஸ்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த நோய்க்கான முதல் பிழை 1988-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகுதான் நோயாளியைத் தொந்தரவு செய்யாமல் நோயைக் கண்டறிய வழி பிறந்தது.

சோதனை நடப்பது எளிது. கையிலிருந்து இரண்டு மூன்று மில்லி ரத்தம், ஊதா மூடி போட்ட குழாயில். அவ்வளவுதான். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. சொல்லப்போனால் இந்தக் குழந்தைகளைப் பட்டினி போடவே கூடாது. முன்னதாக இனிப்புச் சாப்பிட்டிருக்க வேண்டியதும் இல்லை. எத்தனை வருடம் இனிப்பைத் தொடாமல் இருந்தாலும் எழுத்துப் பிழை மாறாது, அதனால் முடிவும் மாறாது. கடலூரிலோ புதுச்சேரியிலோ ரத்தம் எடுத்து, மரபணு ஆய்வகம் இருக்கும் ஊருக்கு அனுப்பலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். யாரிடம் தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், உங்கள் குழந்தைகள் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் போகலாம்.

எந்த அளவுக்குப் படிக்கச் சொல்கிறோம் என்பது முக்கியம். ஐரோப்பிய நோயாளிகளில் அடிக்கடி காணப்படும் மூன்று பிழைகளை மட்டும் தேடும் குறுகிய சோதனைகள் உண்டு. நம் குடும்பங்களில் வேறு பிழைகள் இருக்கலாம். அந்த மூன்றும் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. அதனால் ஏ.எல்.டி.ஓ.பி. மரபணுவை முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்துப் பிழையாக இல்லாமல், சில நேரம் ஒரு பத்தியே காணாமல் போயிருக்கும். அதைத் தேடத் தனிச் சோதனை உண்டு. விண்ணப்பத்தில் அதையும் சேர்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கை வந்ததும் எப்படிப் படிப்பது? ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டிலும் நோய் தரும் பிழை இருந்தால் ஹெச்.எஃப்.ஐ. உறுதி. ஒன்றில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அவர் சுமப்பவர் மட்டுமே, அதாவது பிழையைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடிய, தான் நோயாளியாக இல்லாத ஒருவர். ஆனால் அறிகுறிகள் தெளிவாக இருக்கும் குழந்தைக்கு ஒரு பிழை மட்டும் தெரிந்தால், இரண்டாவது எங்கோ ஒளிந்திருக்கிறதா என்று தேடித்தான் ஆக வேண்டும். சில அறிக்கைகளில் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று வரும். அப்படி வந்தால் பயப்படவும் வேண்டாம், நோய் இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். அப்பா, அம்மா இருவரின் ரத்தத்தையும் பார்த்தால் பல நேரம் விடை கிடைக்கும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுதல். அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை. அத்தை மகன், மாமா மகள் முறையில் கட்டாத குடும்பங்களிலும் இந்த நோய் வருகிறது. தாயின் வயிற்றைக் குறை சொல்லும் பேச்சு எந்த வீட்டில் எழுந்தாலும், பிழையில் ஒன்று அப்பாவிடமிருந்தும் வந்தது என்பதைப் பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

திசுச் சோதனை எப்போது?

மரபணு அறிக்கை தெளிவாக இல்லை, ஆனால் சந்தேகம் வலுவாக இருக்கிறது என்ற சிலருக்கு மட்டும் கல்லீரலில் ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்து, அதில் ஆல்டோலேஸ் பி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பார்கள். இந்த நொதியைச் சாதாரண ரத்தச் சோதனையில் அளக்க முடியாது. ரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால் ரத்தம் உறையும் தன்மையைப் பார்த்த பிறகே செய்வார்கள். நுண்ணோக்கியில் வெறுமனே பார்ப்பது போதாது, நொதியை அளக்க வேண்டும் என்பதை முன்பே பேசிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் துண்டு எடுத்தும் விடை கிடைக்காது.

முடிவு வரும்வரை

மரபணு அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை நோய் உறுதியானது போலவே நடந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டில் கவனமாக இருக்கும் வீடுகள்கூட ஏமாறுவது மருந்துப் பாட்டிலில். ஒரு காய்ச்சல் சிரப்பை எடுத்து, பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். மருந்தின் பெயரும் அளவும் துல்லியமாக இருக்கும். அப்புறம் 'ஃபிளேவர்ட் சிரப் பேஸ்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் சர்க்கரையோ சார்பிட்டாலோ இருக்கலாம், எவ்வளவு என்று போட்டிருக்காது. முடிந்தவரை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் சர்க்கரையும் உப்பும் கலந்த வீட்டுக் கரைசல் இந்தக் குழந்தைக்கு ஆகாது, இளநீரும் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். பொடியில் இருப்பது குளுக்கோஸ். சர்க்கரை சேர்க்காத பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். குழந்தை துவண்டால் வாயில் சர்க்கரை போடுவது நம் கை பழகிய முதலுதவி. இங்கே அது நெருப்பில் எண்ணெய். சுவையும் நிறமும் சேர்க்காத குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். விழுங்கும் அளவுக்கு நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

தம்பி தங்கைகளுக்கு

ஒரு குழந்தைக்கு உறுதியானால், அதே பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. குடும்பத்தின் பிழை எது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், அடுத்த குழந்தைக்கு அதை மட்டும் தேடினால் போதும். சோதனை எளிதாகிறது, சீக்கிரமும் முடிகிறது. பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்க்கலாம். பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி வையுங்கள். முடிவு வரும்வரை தாய்ப்பால் மட்டும். சேனையும் கிரைப் வாட்டரும் வேண்டாம் என்று பாட்டிகளிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். ஆறாவது வாரத்தில் வாய்வழியாகக் கொடுக்கும் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்துகளில் சுக்ரோஸ் சேர்த்தவை உண்டு. அதனால் அதற்குள் முடிவு கையில் இருப்பது நல்லது. வராவிட்டால், நீங்களாகவே தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல், குடும்பத்தில் இந்த நோய் இருப்பதைச் சொல்லி மருத்துவரின் முடிவைக் கேளுங்கள். ஊசியாகப் போடும் மற்ற தடுப்பூசிகளைப் பற்றியும் அதே நேரத்தில் கேட்டுத் தெளிவு பெற்று, வழக்கமான தேதிகளில் போட்டுவிடுங்கள்.

நோய் உறுதியானவர் சட்டைப்பையில் ஒரு அட்டை வைத்திருக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரி போதும்: நோயின் பெயர், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், சார்பிட்டால் கலந்த எதையும் வாய்வழியாகவோ ஊசி வழியாகவோ கொடுக்கக் கூடாது, குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றலாம், வீட்டாரின் தொலைபேசி எண்.